ஊட்டியில் ஒரு பழைய பங்களா, பாதி வாடகையில்: முதல்முறை போகிறவர்களுக்கு

அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. ஊட்டியில் ஓடு வேய்ந்த பழைய பங்களா ஒன்றில், கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான். 2025 மே மாதம் அப்பா, அம்மா இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு இரவுக்கு 9,800 ரூபாய், வரியோடு 11,564. கிடைத்ததோ, படத்தில் பார்த்த பங்களாவுக்குப் பின்னால் புதிதாக எழுப்பிய மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். கணப்பு இருந்த கூடத்தில் வேறொரு குடும்பத்தின் விருந்து நடந்துகொண்டிருந்தது. அம்மா குறை எதுவும் சொல்லவில்லை. “ரூம் சுத்தமாத்தான்ப்பா இருக்கு” என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

2026 பிப்ரவரியில் மறுபடியும் போனோம். இந்த முறை நிஜமாகவே பழைய பங்களா. மரத்தரை, உயரமான கூரை, அறைக்குள்ளேயே கணப்பு. கூடுதல் படுக்கை, வரி எல்லாம் சேர்த்து இரண்டு இரவுக்கு 11,550 ரூபாய் ஆனது. மே மாதம் ஒரே இரவுக்குக் கொடுத்த கிட்டத்தட்ட அதே பணம்.

இடைப்பட்ட ஒன்பது மாதத்தில் விசாரித்தும் ஏமாந்தும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஊட்டியில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கட்டடம் இல்லை, நீங்கள் போகும் கிழமைதான். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

1. ஹோட்டலைத் தேடாதீர்கள், தேதியைத் தேடுங்கள்

ஊட்டியில் ‘சீசன்’ என்றால் ஏப்ரல், மே. மலர்க் கண்காட்சியும் மே மாதம்தான். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். கிறிஸ்துமஸில் தொடங்கிப் பொங்கல் விடுமுறை முடியும்வரை இன்னொரு கூட்டம். இந்த மூன்றிலும் பழைய பங்களாக்கள் பேரம் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

உங்களுக்கு வேண்டியது பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு மார்ச் நடுப்பகுதி வரையிலான வாரநாட்கள். ஞாயிறு மாலை கூட்டம் கலையும், வெள்ளி மதியம் மறுபடி ஏறும். நடுவில் உள்ள திங்கள், செவ்வாய், புதன், வியாழன் இரவுகள்தான் உங்களுடையவை. நாங்கள் செவ்வாய், புதன் இரு இரவும் தங்கினோம். எட்டு அறை பங்களாவில் மூன்றில்தான் ஆள் இருந்தார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் வாடகை இறங்கும். மழையும் பனிமூட்டமும் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் வயதானவர்களோடு போனால் வேண்டாம் என்பேன். ஈரத்தில் பழைய கல்படிகள் வழுக்கும், பழைய அறைகளில் பூஞ்சை வாடையும் அப்போதுதான் அதிகம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். பெங்களூரு, மைசூரு, கேரளம் என்று மூன்று பக்கமிருந்தும் ஊட்டிக்கு ஏறுவார்கள். நமக்குச் சாதாரண வியாழனாக இருக்கும் நாள், கர்நாடகத்தில் நான்கு நாள் தொடர் விடுமுறையின் முதல் நாளாக இருக்கலாம். மூன்று மாநில நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியை முடிவு செய்யுங்கள். பத்து நிமிட வேலைதான்.

2. போனில் பேசுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள்

முன்பதிவுத் தளங்களில் இடத்தைத் தேடலாம், விலையை ஒப்பிடலாம். அறையை முடிவு செய்வதற்கு முன் ஒருமுறை நேரில் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். தளத்துக்குப் போகும் கமிஷன் மிச்சமாவதால் வாரநாளில் ஓரளவு குறைத்துத் தருவார்கள். எங்களுக்குத் தளத்தில் 5,200 என்று காட்டிய அறை, போனில் கேட்டபோது 4,600-க்குக் கிடைத்தது. காலை 11 மணி சுமாருக்குக் கூப்பிடுவது நல்லது. அறைகளைக் காலி செய்யும் வேலை முடிந்து, பேச நேரம் இருக்கும்.

விலையைவிட முக்கியமான கேள்விகள் உண்டு. மே மாதம் நான் கேட்காமல் விட்டவை இவைதான்.

“எங்களுக்குத் தரப்போகும் அறை பழைய பங்களாவிலா, பின்னால் கட்டிய புது பிளாக்கிலா?” இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விளம்பரப் படத்தில் எப்போதும் பங்களாதான் இருக்கும். மலிவாகத் தோன்றும் அறை பெரும்பாலும் புது பிளாக்கில் இருக்கும். அறையின் எண்ணையோ பெயரையோ கேட்டு வாங்குங்கள். அந்த அறையை இப்போதே செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் பங்களாவில் தோட்டக்காரரே நடந்துபோய் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பினார். ஜன்னல் கம்பியில் இருந்த துரு உட்பட எல்லாம் தெரிந்தது, எனக்கு நம்பிக்கை வந்தது.

“கணப்பு எரியுமா? விறகுக்குத் தனிக் காசா?” பல இடங்களில் கணப்பு அலங்காரத்துக்கு மட்டும்தான், புகைபோக்கியை அடைத்திருப்பார்கள். எரியும் இடங்களில் ஒரு மாலைக்கு இவ்வளவு என்று விறகுக்குத் தனியாக வாங்குவார்கள். நாங்கள் ஒரு மாலைக்கு 400 ரூபாய் கொடுத்தோம். அறை ஹீட்டருக்கும் தனி வாடகை கேட்பது வழக்கம். பிப்ரவரி இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும், இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். அதனால் வாடகையோடு இதையும் சேர்த்துப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள்.

“வெந்நீர் எத்தனை மணிக்கு?” பழைய கட்டடங்களில் காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று நேரம் வைத்திருப்பார்கள்.

“எத்தனை படி ஏற வேண்டும்?” மலைச்சரிவில் கட்டிய வீடுகள் இவை. கார் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கே நாற்பது படி இருக்கலாம். குளியலறையில் பழங்காலத்து உயரமான தொட்டி இருந்தால், முட்டி வலி உள்ளவர்களால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. அம்மாவுக்காக நான் தொட்டி இல்லாத அறையைக் கேட்டு வாங்கினேன்.

“சாப்பாடு சேர்த்தா, சேர்க்காமலா?” இ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலை உணவும் உண்டு, எம்.ஏ.பி. என்றால் காலையும் இரவும். ஊட்டியில் இரவு எட்டரைக்கு மேல் வெளியே போய்ச் சாப்பிட்டு வருவது குளிரில் பெரும்பாடு. எம்.ஏ.பி. விலை நியாயமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் 24, 31 இரவுகளில் மட்டும், நீங்கள் வேண்டாம் என்றாலும் விருந்துக் கட்டணத்தைச் சேர்க்கும் இடங்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசி முடித்ததும், பேசியதை நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்: “பழைய பங்களாவில் 3-ஆம் எண் அறை, செவ்வாய் புதன் இரண்டு இரவு, 4,600 + கூடுதல் படுக்கை 900, வரி தனி, ஹீட்டர் இலவசம், விறகு 400, மூன்று நாள் முன்பு வரை ரத்து செய்தால் முழுப்பணம் திரும்ப.” அவர்கள் “சரி” என்று பதில் போட்ட பிறகுதான் முன்பணம். அதுவும் ஹோட்டலின் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும். யு.பி.ஐ.யில் தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள். ஹோட்டல் பெயரில் போலி எண் வைத்து முன்பணம் வாங்குகிறவர்கள் சுற்றுலா ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள்.

3. 7,500 ரூபாய்க் கோட்டைத் தாண்டாதீர்கள்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் முழுத் தொகைக்கும் 18 சதவீதம்.

கூடுதல் படுக்கையின் கட்டணமும் இந்தக் கணக்கில் சேரும், பலர் கவனிக்காத இடம் இதுதான். 6,900 ரூபாய் அறை, 800 ரூபாய் படுக்கை என்றால் 7,700 ஆகிவிடும், வரியோடு 9,086. அதே இடத்தில் பேசி மொத்தத்தை 7,400-க்குக் கொண்டுவந்தால் வரியோடு 7,770. வாடகையில் குறைத்தது 300, உங்களுக்கு மிச்சமாவது 1,316. வரி கணக்கிடுவது நீங்கள் நிஜமாகக் கொடுக்கும் தொகைக்குத்தான், பலகையில் எழுதியிருக்கும் விலைக்கு இல்லை. இதைச் சொல்லியே பேரம் பேசலாம், அவர்களுக்கும் புரியும்.

எங்கள் கணக்கு: 4,600 + 900 = 5,500. வரி 275. ஒரு இரவுக்கு 5,775.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகை வந்தால் அதைக் கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் இதை உறுதி செய்திருக்கிறது. அமைதியாக எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டு, பரிமாறியவர் கையில் நேராகக் கொடுங்கள்.

4. ரயிலா, காரா? இதை இப்போதே முடிவு செய்யுங்கள்

ரயிலிலோ அரசுப் பேருந்திலோ போனால் இ-பாஸ் (நீலகிரிக்குள் வண்டி நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி) வேண்டாம். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போனால் கட்டாயம் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தால் ஏற்பாடுகளின் வரிசையே மாறிவிடும்.

மலை ரயிலை நான் பரிந்துரைப்பேன், அதுவும் முதல் வகுப்பை. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் உதகை சேரும். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். முதல் வகுப்பு ஒருவருக்கு 600 ரூபாயை ஒட்டி வரும், இரண்டாம் வகுப்பு அதில் பாதி. குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும், அதனால் முன்னால் இருக்கும் முதல் வகுப்புப் பெட்டிக்கு எதிரே மலையும் பாதையும் மறைப்பில்லாமல் தெரியும். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த காசில் முழுசாகப் பலன் கிடைத்தது இதற்குத்தான். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வும் ‘கடக் கடக்’ சத்தம் காலடியில் கேட்கத் தொடங்கியது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். குன்னூர் வரை அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

டிக்கெட் எடுப்பதில்தான் சிக்கல். முன்பதிவு 60 நாள் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். முதல் வகுப்பில் இடம் மிகக் குறைவு, நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால்:

ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் நாளில் ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் எடுக்க முடியாது. அன்று காலை ஓ.டி.பி. வரவில்லை என்று போராடிப் பயனில்லை.

நிலையத்தின் பெயரை ‘ஊட்டி’ என்று தேடாதீர்கள். ‘உதகமண்டலம்’, குறியீடு யு.ஏ.எம். மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி. (MTP).

காத்திருப்புப் பட்டியலில் எடுத்தால், உறுதியாகாத இணைய டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், ஏற முடியாது. நம்பி அறைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

ஏறும்போது இடம் கிடைக்காவிட்டால் இறங்கும்போது முயன்று பாருங்கள். உதகையிலிருந்து மதியம் 2 மணிக்கு இறங்கும் ரயிலில் நேரமும் குறைவு, மூன்றரை மணி நேரம்தான். அதுவும் இல்லையென்றால் உதகை, குன்னூர் இடையே மட்டும் ஓடும் ரயில்கள் உண்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு, குன்னூர் இடையே மண் சரிந்து ரயில் அடிக்கடி ரத்தாகும். அந்த மாதங்களில் ரயிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. வண்டி நிற்கும் நிலையங்களில்தான் போக வேண்டும், பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். இரண்டு டிக்கெட்டையும் ஒரே காலையில் எடுங்கள்.

5. காரில் போனால் இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை இருக்கிறது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் நீங்களே எடுக்கலாம். கட்டணம் எதுவும் இல்லை. ‘பாஸ் எடுத்துத் தருகிறோம், 200 ரூபாய்’ என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஓ.டி.பி. வரும் செல்போன் எண் (வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சலில் பதியலாம்), வண்டியின் பதிவு எண்ணும் விவரமும், எத்தனை பேர், எந்தத் தேதியில் நுழைந்து எப்போது திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள். விண்ணப்பித்ததும் கியூ.ஆர். குறியீட்டோடு பாஸ் வரும். அதை செல்போனில் படமாகச் சேமித்துவிடுங்கள், சோதனைச் சாவடியில் சிக்னலை நம்ப வேண்டாம்.

சாதாரண வாரநாளில் இது ஐந்து நிமிட வேலை. கோடையில் அப்படி இல்லை. 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. பாஸ் தீர்ந்துபோனால் நீங்கள் கட்டிய அறை வாடகை உங்களை மேலே ஏற்றாது. எனவே ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பிடியுங்கள், அன்றே பாஸை எடுங்கள், பாஸ் கையில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.

வாடகைக் காரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாஸ் வண்டி எண்ணுக்குத்தான். கடைசி நேரத்தில் டிராவல்ஸ்காரர் வேறு வண்டி அனுப்பினால் பழைய பாஸ் செல்லாது. முந்தைய இரவே வண்டி எண்ணைக் கேட்டு உறுதி செய்யுங்கள். டிரைவர் எங்கே தூங்குவார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சில பங்களாக்களில் டிரைவருக்கு அறை இருக்கும், பல இடங்களில் இருக்காது. அந்தக் குளிரில் ஒரு மனிதரைக் காரிலேயே படுக்க வைக்கக் கூடாது.

மைசூரு பக்கமிருந்து வந்தால் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடமாட்டார்கள், கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். வரைபடச் செயலி குறுக்கு வழி என்று காட்டினாலும் போகாதீர்கள்.

நாங்கள் ரயிலில் ஏறிப்போய், ஊருக்குள் சுற்ற ஒரே ஒரு நாள் மட்டும் உள்ளூர் டாக்சி வைத்துக்கொண்டோம். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு இந்தப் பாஸ் தொல்லையே இல்லை.

6. அடையாள ஆவணங்கள்

அறையில் தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இதில் ஏதாவது ஒன்று. பான் கார்டில் முகவரி இல்லாததால் பல ஹோட்டல்களில் ஏற்பதில்லை. மே மாதம் அப்பா பான் கார்டு மட்டும் கொண்டுவந்திருந்தார். வீட்டிலிருந்து தம்பி ஆதாரைப் படம் எடுத்து அனுப்பும்வரை முக்கால் மணி நேரம் வரவேற்பறையில் நின்றோம்.

குடும்பத்தில் யாராவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றால் பாஸ்போர்ட்டும் விசாவும், அல்லது ஓ.சி.ஐ. அட்டையும் வேண்டும். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்கியிருக்கும் விவரத்தை ஹோட்டல் அரசுக்குச் சமர்ப்பிக்க வேண்டும், ‘படிவம் சி’ என்று பழகிய பெயர் இதற்குத்தான். சிறிய ஹோம்ஸ்டேக்கள் சில அதற்குப் பதிவு செய்திருக்காது. கனடாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வரும் உறவினரைக் கூட்டிப்போவதாக இருந்தால், “படிவம் சி போடுவீர்களா?” என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். வாசலில் போய் நின்று திரும்புவது கொடுமை.

7. பையில் வைக்க வேண்டியது

கம்பளிச் சட்டை, காலுறை, ஆளுக்கொரு எஃகு தண்ணீர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தடை. சாவடியிலேயே பறிமுதல் செய்வார்கள், அபராதமும் உண்டு. மாத்திரைகளை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

8. ஒரு வேளை மட்டும் பெரிய ஹோட்டலில்

இரவுக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் கேட்கும் பழம்பெரும் ஹோட்டல்களின் தோட்டத்தையும் கூடத்தையும் அனுபவிக்க அங்கே தூங்க வேண்டியதில்லை. வெளி ஆட்களையும் சாப்பிட அனுமதிக்கும் இடமாகப் பார்த்து, முந்தைய நாளே போன் செய்து மாலை டீக்கு மேசை சொல்லிவையுங்கள். நான்கு மணிக்குப் போனால் தோட்டத்தில் வெயிலும் இருக்கும், ஐந்தரைக்குக் குளிர் இறங்கும்போது உள்ளே கணப்பருகே மாறிக்கொள்ளலாம். மூன்று பேருக்கு டீ, கேக், சாண்ட்விச் என்று எங்களுக்கு 2,100 ரூபாய் ஆனது. அறை வாடகை 7,500-க்கு மேல் உள்ள ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கும் 18 சதவீத வரி வரும், மெனுவில் விலை பார்க்கும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா அங்கே இரண்டு கோப்பை டீ குடித்தார். அன்றிரவு எங்கள் பங்களாவில் விறகை மூட்டிய பிறகு, சால்வையைப் போர்த்திக்கொண்டு கணப்பின் முன் உட்கார்ந்து மூன்றாவதாக ஒன்று கேட்டு வாங்கினார். “இந்த டீதான் நல்லாருக்கு” என்றார்.

9. கிளம்பும் நாள்

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை 10 அல்லது 11. இறங்கும் ரயில் 2 மணிக்கு. நடுவில் உள்ள நேரத்துக்குப் பைகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கூட்டமில்லாத வாரநாளில் ஒரு மணி வரை அறையிலேயே இருக்கச் சொன்னாலும் சொல்வார்கள். முந்தைய இரவே கேட்டுவிட வேண்டும், காலையில் கேட்டால் அறையைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருப்பார்கள். பில்லையும் முந்தைய இரவே வாங்கி, வாட்ஸ்அப்பில் பேசியதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பில்லில் இலவசம் என்ற ஹீட்டருக்கு 600 ரூபாய் போட்டிருந்தது. செய்தியைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் அடித்துக் கொடுத்தார்கள்.

ரயில் மாலை ஐந்தரை சுமாருக்கு மேட்டுப்பாளையம் சேரும். சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணியை ஒட்டித்தான். நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, மேலே போட்டிருந்த கம்பளியைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம்.